நாடும் ஊரும் ஆறும்: பொருநல் கரையின் ஆட்சிப் பிரிவுகளும் அருளிச்செயலும்

திருவாய்மொழிக்கு அமைந்த தமிழ்த் தனியன்களுள் ஈச்வரமுனிகள் அருளிச்செய்தது ஒரு முறைமையைக் கைக்கொள்கிறது. ஆழ்வாருடைய திருவடியிணையைச் சிந்திக்குமாறு நெஞ்சை ஏவுமிடத்து, முதலில் திருவழுதி நாட்டையும், அடுத்துத் தென்குருகூரையும், அதன்பின் பொருநல் ஆற்றையும் சொல்லி, அவற்றின் பிறகே அந்தாதி செய்த பெருமானைக் காட்டுகிறது. நாள்தோறும் சேவாகாலத்தில் இதனை அநுசந்திப்பவர்க்கு இவ்வரிசை புதிதன்று. ஆயினும், நாட்டை முன்னும் ஊரைப் பின்னும் நிறுத்துவது பாண்டிய, சோழ சாசனங்கள் ஒரு நிலத்தை அடையாளங்காட்டும் முறையும் ஆகும். இன்ன நாட்டு இன்ன ஊர் என்பதே அக்காலத்து முகவரி. ஆகவே தனியன் ஆழ்வார்க்கு உரிய முகவரியை அக்கால வழக்கின்படியே தந்திருக்கிறது எனலாம். இம்முகவரியின் மூன்று உறுப்புகளும் எவ்வாறு அமைந்தன, அவற்றுள் எது மாறிற்று, எது நின்றது என்பதை ஆராய்வது வரலாற்றுக்கு மட்டுமன்றிப் பாசுரங்களின் பொருள் தெளிவுக்கும் பயன்படும்.

ஆற்றை முதலில் காண்போம். பொருநல், பொருநை, தாமிரபரணி எனப் பல பெயர் பெற்ற இவ்யாறு பொதியமலையில் தோன்றி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியன இதனோடு கூடுவன. தமிழகத்து ஆறுகளுள் இதற்கொரு தனிச்சிறப்பு உண்டு. மேல்காற்றுப் பருவத்தில் பொதியத்துச் சாரல் தலைநீரைத் தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கீழ்காற்று மழை பள்ளநாட்டை நனைக்கிறது. ஆண்டிற்கு இருமுறை நீர் வரும் ஆறாதலின் கார், பிசானம் என இருபோக நெல் விளைவு இக்கரையில் வழங்கிவருகிறது. காவிரிக்கு இருப்பதுபோன்ற அகன்ற கழிமுகப் பரப்பு இதற்கு இல்லை. கரையின் இருமருங்கும் ஒடுங்கிய பசுமைப் பட்டையாக வயல்கள் நீள்கின்றன. அப்பட்டைக்கு அப்பால் சற்றே நடந்தால் செம்மண் தேரியும் கருசல் காடும் வந்துவிடும். ஆகவே ஊர்கள் ஆற்றங்கரையில் நெருங்கின. ஆட்சிப் பிரிவுகளும் ஆற்றின் போக்கை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த மாலைபோல் அமைந்தன.

மலையடிவாரத்தில் முள்ளிநாடு. இன்றைய அம்பாசமுத்திரமாகிய இளங்கோக்குடியும் சேரன்மாதேவியும் அதனுள் அடங்கும். அதற்குக் கிழக்கே கீழ்வேம்ப நாடு. திருநெல்வேலி அதனைச் சார்ந்தது. அதற்கும் கிழக்கே ஆழ்வார் நாடாகிய வழுதி நாடு. கடலை அணுகுமிடத்தில் ஆற்றூரும் கொற்கையும் அடங்கிய குடநாடு. கீழ்க்கடலை ஒட்டிய நாட்டிற்கு மேற்றிசையைக் குறிக்கும் பெயர் வந்தது வியப்பாகத் தோன்றலாம். குட என்னும் சொல்லுக்கு வளைவு என்ற பொருளும் உண்மையை நினைத்தால் வியப்புக் குறையும். இந்நாடுகளுக்கு வடக்கே சிற்றாற்றுப் பாய்ச்சலில் களக்குடி நாடு கிடந்தது. அதன் கோநகர் கரவந்தபுரம், இன்றைய உக்கிரன்கோட்டை.

இப்பிரிவுகள் வரைபடத்தில் கோடு கிழித்துப் பகுத்தவை அல்ல. பாண்டி நாட்டில் குளக்கீழ், ஆற்றுப்போக்கு என்னும் ஈற்றோடு முடியும் பிரிவுப் பெயர்களும் உண்டு. மதுரை மாடக்குளக்கீழ் எனப்பட்டது அறிந்ததே. ஒரு கால்வாயோ குளமோ எவ்வளவு நிலத்தை நனைத்ததோ, அந்நிலத்தார் ஒருங்கு கூடி வரியும் நீரும் பங்கிட்டுக்கொண்ட வட்டமே நாடு. இதனை உளங்கொண்டால்தான் அருளிச்செயலில் வரும் நாட்டுப் பெயரும் கரைக்குறிப்பும் வெறும் அணிகளல்ல என்பது புலப்படும்.

நவதிருப்பதிகளின் கிடக்கையை நோக்குக. ஸ்ரீவைகுண்டம், நத்தம் எனப்படும் வரகுணமங்கை, திருப்புளிங்குடி, இரட்டைத்திருப்பதியாகிய தொலைவில்லிமங்கலம், பெருங்குளம் எனப்படும் திருக்குளந்தை ஆகியவை வடகரையில் உள்ளன. குருகூர், திருக்கோளூர், தென்திருப்பேரை ஆகிய மூன்றும் தென்கரையில் உள்ளன. ஆழ்வார் திருப்புளியடியில் எழுந்தருளியிருந்தது தென்கரை. தொலைவில்லிமங்கலத்தைப் பாடும் ஆறாம்பத்து ஐந்தாந் திருவாய்மொழியில் அவ்வூர் பொருநலின் வடகரையது என்று அவரே குறிக்கிறார். தென்கரையில் இருந்து அக்கரையைக் காட்டும் குறிப்பு அது. திருக்குளந்தையைப் பாடுமிடத்து எம்பெருமான் ஊரின் மேற்றிசையில் நிற்பதையும் எடுத்துரைக்கிறார். தாம் நேரில் அறிந்த ஊர்களின் திசைகளைச் சொல்பவருடைய வாக்கு இது. பத்தாம்பத்து மூன்றாந் திருவாய்மொழியின் நிகமனத்தில் தம் துறையைச் சங்குகள் அணிசெய்யும் பொருநல் துறை என்கிறார். சங்கும் முத்தும் கொற்கைக் கடலின் செல்வம். இன்று குருகூர்த் துறையில் நிற்பவர்க்குக் கடல் எட்டாத தொலைவாகத் தோன்றும். ஆனால் கடற்றுறையாய் இருந்த கொற்கையே வண்டல் நிரம்பி இன்று கடலை விட்டு உள்வாங்கி நிற்கிறது. ஆறு கொணர்ந்த மண் துறையைத் தூர்க்க, வாணிகம் காயலுக்கும், அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலுக்கும் பெயர்ந்தது. கழிமுகம் அண்மையில் இருந்த காலத்து நிலத்தோற்றம் அப்பாசுரத்தில் பதிந்திருக்கிறது என்று கொள்வதில் தடையில்லை.

இனி நாட்டின் பெயர். ஐந்தாம்பத்து ஆறாந் திருவாய்மொழி, கடல்சூழ் உலகைப் படைத்தவளும் தானே என்று பேசும் மகளின் நிலையைத் தாய் சொல்லும் பதிகம். அதன் நிகமனத்தில் ஆழ்வார் தம்மை வழுதி வளநாடன் என்று சொல்லிக்கொள்கிறார். வழுதி என்பது பாண்டியர்க்குரிய பொதுப்பெயர். இங்கே வளநாடு என்பதை எவ்வாறு கொள்வது? சோழநாட்டில் வளநாடு என்பது பல நாடுகளை உள்ளடக்கிய பெரும்பிரிவாக முதல் இராசராசன் காலத்தில், அஃதாவது 1000ஆம் ஆண்டையொட்டி, ஏற்படுத்தப்பட்டது. இதனைக் கொண்டு, ஆழ்வார் வாக்கில் வளநாடு வருதலால் திருவாய்மொழியும் அக்காலத்தை அடுத்ததாதல் வேண்டும் என்று வாதிக்க ஒருவர் முற்படலாம். அவ்வாதம் நில்லாது. தனியன் வள என்னும் அடையின்றித் திருவழுதி நாடு என்றே கூறுகிறது. எனவே பிரிவின் பெயர் வழுதி நாடு. ஆழ்வார் வாக்கில் உள்ள வள என்பது வளத்தைச் சுட்டும் அடைமொழி. பிற்காலப் பாண்டியர் காலத்தில் வளநாடு என்னும் சொல் ஆட்சி வழக்கில் பரவியபின், திருவழுதி வளநாடு என்பதே பிரிவின் பெயராகச் சாசனங்களில் நிலைத்தது. அடைமொழியாக நின்றது பெயரின் உறுப்பாக உறைந்துவிட்டது என்க. திரு என்னும் முன்னொட்டும் கவனிக்கத்தக்கது. வழுதி என்னும் அரச பெயரைத் தாங்கிய நாடு திரு என்னும் சிறப்பைப் பெற்றது யாரால் என்று வைணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஊர்ப்பெயர்களில் இதனினும் நுட்பமான செய்தி அடங்கியுள்ளது. பாண்டிய நாட்டில் பிராமணர்க்கு ஈந்த பிரமதேயங்கள் பெரும்பாலும் மங்கலம் என்ற ஈறு பெற்றன. அவற்றை ஆண்டது சபை. வேளாண்வகை ஊர்களை ஆண்டது ஊரார் எனப்பட்ட அவை. மங்கலம் என்னும் ஈறு பாட்டில் மங்கை எனவும் குறுகும். வானமாமலைப் பதிகத்தில் ஆழ்வார் ஊரைச் சிரீவரமங்கலம் என்றும் சிரீவரமங்கை என்றும் இருவகையாகவும் வழங்குவதே இதற்குச் சான்று. ஆகவே வரகுணமங்கை என்பது வரகுணமங்கலமே. தொலைவில்லிமங்கலத்தின் பெயரும் அவ்வகையினது. அவ்வூரில் வேதமும் வேள்வியும் மலிந்திருந்தமையை ஆழ்வார் சிறப்பித்துச் சொல்வது பிரமதேயத்து இயல்போடு முற்றும் பொருந்துகிறது. தென்கரையில் உள்ள குருகூரும் கோளூருமோ ஊர் என்னும் ஈறு உடையவை. வேளாண்குடியில் அவதரித்த ஆழ்வார் தென்கரை ஊரிலிருந்து வடகரை மங்கலத்து எம்பெருமானிடம் ஈடுபட்டு நிற்கும் நிலையை இப்பின்புலத்தில் வைத்துப் படித்தால் அப்பதிகம் மேலும் சுவைக்கிறது. ஒரு சொல் எச்சரிக்கை: வடகரை முழுதும் மங்கலங்களே என்று யாரும் கொள்ளற்க. புளிங்குடியும் குளந்தையும் அக்கரையிலேதான் உள்ளன.

வரகுணமங்கையைப் பற்றிய வாதம் இங்குத் தவிர்க்கவொண்ணாதது. ஒன்பதாம்பத்து இரண்டாந் திருவாய்மொழியில், புளிங்குடியில் கிடந்தும் வரகுணமங்கையில் இருந்தும் வைகுந்தத்தில் நின்றும் எம்பெருமான் தம் சிந்தையை விட்டகலாமையை ஆழ்வார் பேசுகிறார். வரகுணன் என்பது பாண்டிய வேந்தர் பெயர். முதல் வரகுணனாகிய பராந்தக நெடுஞ்சடையன் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவன். சென்னை அருங்காட்சியகத்துச் செப்பேடு அவனைப் பரமவைணவன் எனப் போற்றுகிறது. அவனது பதினேழாம் ஆட்சியாண்டில் தென்களவழி நாட்டு வேலங்குடி ஸ்ரீவரமங்கலம் எனப் பெயர் மாற்றப்பெற்றுப் பிரமதேயம் ஆயினதையும் அறிவிக்கிறது. கரவந்தபுரத்து வைத்தியகுலத்தில் தோன்றி மதுரகவி என்னும் பட்டம் பெற்ற மாறன்காரி அவனுடைய அமைச்சன். மதுரையை அடுத்த ஆனைமலையில் நரசிங்கப்பெருமாளுக்குக் கற்றளி எடுத்தவன் அவனே. அங்குள்ள சாசனம் கலி 3871, அஃதாவது 770ஆம் ஆண்டு, என்று நாளும் குறிக்கிறது. மாறன், காரி, மதுரகவி ஆகிய பெயர்கள் ஒருங்கே வருதல் கண்டு ஆராய்ச்சியாளர் பலர் ஆழ்வார் காலத்தை எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வைத்தனர். அவ்வழியில் முன்னின்றவருள் து. அ. கோபிநாதராவ் குறிப்பிடத்தக்கவர்.

குருபரம்பரையோ கலி பிறந்து 43ஆம் நாள் ஆழ்வார் திருவவதாரம் என்கிறது. இருவேறு நோக்குகளையும் ஒன்றன்மீது ஒன்றை ஏற்றிக் குழப்புதல் நம் பத்திரிகைகளில் அடிக்கடி காணும் குறை. இங்கு நாம் வினவ வேண்டியது ஒன்றே: ஊர்ப்பெயர்ச் சான்று எவ்வளவு பாரம் தாங்கும்? பட்டமும் குடிப்பெயரும் ஒத்திருப்பதால் மட்டும் அமைச்சன் மாறன்காரியை ஆழ்வார் திருத்தந்தையாரோடோ, மதுரகவியாழ்வாரோடோ ஒன்றாக்குதல் பொருந்தாது. மதுரகவிகள் திருக்கோளூரில் அவதரித்தவர். அமைச்சனோ களக்குடி நாட்டுக் கரவந்தபுரத்தவன். நாடும் வேறு, ஊரும் வேறு, குலமும் வேறு. அக்கால முகவரி முறையை அறிந்தவர் இவ்விருவரையும் ஒருவராக்கத் துணியார். காரி, மாறன் ஆகியன பாண்டி நாட்டில் பரவலாக இட்டு வழங்கிய பெயர்கள். வரகுணமங்கைச் சான்று இதனினும் வலியது. மங்கலம் என்னும் ஈறு ஓர் அரசனின் அறக்கொடையைக் காட்டுவதால், வரகுண என்பதைக் குணச்சிறப்பைச் சொல்லும் வெறும் அடையாகக் கொள்வது எளிதன்று. ஆயினும் வரகுணன் என்ற பெயர் பாண்டியரில் மீண்டும் வருவது. அதனைக் கொண்டு ஒரு நூற்றாண்டை உறுதிசெய்யலாமே தவிர ஓர் ஆண்டையோ ஓர் அரசனையோ சுட்டுதல் இயலாது. என் கருத்தில் இச்சான்றின் வரம்பு இவ்வளவே.

வரகுணன் காலத்து ஆட்சி இக்கரையில் எவ்வாறு நடந்தது என்பதை அம்பாசமுத்திரத்துச் சாசனம் இனிது காட்டும். தொண்டைநாட்டில் பெண்ணைக்கரை அரைசூரில் தங்கியிருந்த வரகுணமகாராசன், முள்ளிநாட்டு இளங்கோக்குடித் திருக்கோயிலின் வழிபாட்டிற்காக 290 காசு வழங்குகிறான். முதல் கெடாமல் சபையார் ஆண்டுதோறும் 580 கலம் நெல் அளக்கவேண்டும்; காசொன்றுக்கு இரு கலம் என்பது வட்டி. படையெடுப்பின் நடுவே நெடுந்தொலைவில் இருந்த மன்னனின் ஆணையை ஆற்றங்கரைச் சபை நெல்லாக மாற்றிக் கோயிலுக்கு அளந்தது. அது சிவாலயம், எனினும் அமைப்பு இருசமயத்தார்க்கும் பொதுவே.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் வந்தனர். பாண்டி நாடு இராசராசப் பாண்டிநாடு ஆயிற்று. ஆற்றின் மேற்பகுதி முடிகொண்டசோழ வளநாடு எனவும், கீழ்ப்பகுதி உத்தமசோழ வளநாடு எனவும் பெயர் பெற்றன. சேரன்மாதேவி நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. மேலே புதுப்பெயர், உள்ளே முள்ளிநாடு முள்ளிநாடாகவும் குடநாடு குடநாடாகவும் இருந்தன. நீர்ப்பங்கீட்டைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும் அரசதந்திரம் அக்காலத்தும் உண்டு. இச்சோழபாண்டியர் காலத்தில்தான், முதல் இராசேந்திரன் பெயரால் இராசேந்திர விண்ணகரம் எனச் சேரமன்னன் இராசசிங்கன் எடுப்பித்த மன்னார்கோயில் எழுந்தது. அவ்வூர் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. குலசேகராழ்வார் தம் இறுதிநாளைக் கழித்த இடமாக நம் மரபு போற்றுவதும் அவ்வூரே. திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி அருளிய வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் அவதரித்தது மன்னார்கோயில் என்பர். உரையாசிரியர் பலரும் காவிரிக்கரையில் திருவரங்கத்திலிருந்து பொருநல் நாட்டை நோக்கியவர்கள். பதந்தோறும் பொருள் விரித்த உரைகாரர் மட்டும் அவ்யாற்றின் நீருண்டு வளர்ந்தவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பதினான்காம் நூற்றாண்டு இக்கரைக்குக் கொடிய காலம். வடக்கிருந்து வந்த படைகளால் பாண்டியர் ஆட்சி சிதைந்தது. ஆழ்வார் திருமேனி குருகூரை விட்டு நீங்கி மலைநாட்டு வழியாகத் திருக்கணாம்பியை அடைந்ததையும், ஊர் காடு மண்டியதையும் குருபரம்பரை உருக்கத்தோடு கூறும். மதுரையில் அரசியல் அலுவலில் இருந்த திருமலையாழ்வார் அதனைத் துறந்து குருகூர்க்கு வந்து, காடு வெட்டித் திருத்தி, ஆழ்வாரை மீள எழுந்தருளச்செய்து, திருவாய்மொழிப்பிள்ளை என்னும் திருநாமம் பெற்றார். அவர் உடையவர்க்குக் கோயில் எடுத்துச் சுற்றிலும் திருவீதிகள் அமைத்து இராமானுசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயரிட்டார். அறுநூறு ஆண்டுகளாகச் சதுர்வேதிமங்கலம் என்றால் அரசன் பெயரோ அரசி பெயரோ தாங்கும், அரசன் ஈவான், சபை ஆளும். இங்கோ ஆசாரியர் ஒருவர் ஏற்படுத்துகிறார். ஆசாரியர் ஒருவரின் பெயர் இடப்படுகிறது. பொருநல் கரையின் ஆட்சி வரலாற்றில் இதனையொத்த நிகழ்ச்சி எனக்கு வேறு தோன்றவில்லை. அத்திருவீதிகளில்தான் மணவாளமாமுனிகள் ஈடு முப்பத்தாறாயிரப்படியைத் தம் ஆசாரியரிடம் கேட்டார். பின்னர் திருவரங்கத்தில் பெரியபெருமாள் திருமுன்பு அவர் சாதித்தருளிய ஈட்டின் பாடம் இங்குக் கிடைத்ததே. நாதமுனிகள் காலத்தில் ஒருமுறையும் மாமுனிகள் காலத்தில் ஒருமுறையும் அருளிச்செயலின் செல்வம் பொருநலிலிருந்து காவிரிக்குச் சென்றது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். வேணாட்டரசர் இக்கரையில் கால்கொண்டனர். 1532இல் அச்சுததேவராயர் திருவரங்கத்தில் தங்கி, சாளகராசன் திருமலையைத் தென்திசைக்கு ஏவ, தாமிரபரணிக் கரையில் வெற்றித்தூண் நிறுவப்பட்டது. மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் எழுந்தன. கிருஷ்ணாபுரத்தில் திருவேங்கடநாதன் கோயிலும் அதற்குரிய சதாசிவராயர் செப்பேடும் (சகம் 1489) அக்காலத்துச் செல்வங்கள். நவாப்பின் குத்தகைதாரர் ஆண்ட ஆண்டுகளில் நாடு என்னும் பழம்பிரிவு வரிக்கணக்கிலிருந்து தேய்ந்தது. 1801இல் கும்பினியார் நேராட்சி ஏற்றபின் மாவட்டமும் தாலுக்காவும் அதன் இடத்தைப் பிடித்தன. திருவழுதி நாடு அரசாங்கப் பதிவேட்டில் மறைந்து, தனியனில் மட்டும் எஞ்சியது. குருகூரும் ஆழ்வார்திருநகரி ஆயிற்று. ஊரால் ஆழ்வார் அறியப்பட்ட நிலை மாறி ஆழ்வாரால் ஊர் அறியப்படலாயிற்று.

நீர்க்கட்டமைப்பு மட்டும் பழைய நாடுகளின் தடத்தை இன்றும் காத்துவருகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என மேலிருந்து கீழாக ஏழு பழைய அணைக்கட்டுகள். எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் ஆங்கிலேய ஆட்சியில் முடிந்தது. கன்னடியன் கால் பாய்வது பழைய முள்ளிநாட்டில். ஸ்ரீவைகுண்டத்து அணையிலிருந்து வடகால், தென்கால் என இரு கால்கள் பிரிகின்றன. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது நவதிருப்பதிகள் அனைத்தும் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தன. மன்னார்கோயிலும் சேரன்மாதேவியும் திருநெல்வேலியில் நின்றன. 2019இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது சிற்றாற்றின் தலைப்பகுதி அதற்குப் போயிற்று. பழைய மேல்நாடுகளுக்கும் வழுதி நாட்டுக்கும் இடையிலிருந்த எல்லை ஏறத்தாழ மீண்டும் வரையப்பட்டது எனலாம். ஆழ்வார் குளந்தை என்று பாடிய ஊரின் பெருங்குளம் வடகாலின் நீரால் நிரம்புகிறது.